ஒத்தையாய் விடாத மதினி

இதை எழுதாமலே விட்டிருப்பேன். ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டு வந்த பிறகு நான் எழுதியது மொத்தம் இரண்டு. ஒன்று லைசென்ஸுக்குக் கொடுத்த விண்ணப்பம். இன்னொன்று என் லோடு ஆட்டோவின் முதுகில் பெயிண்டால் எழுதிய 'ஹாரன் அடிக்காதே, தூங்குகிறேன்'. இரண்டாவதைப் படித்துவிட்டு ஒரு போலீஸ்காரர் வண்டியை மறித்துத் திட்டினார். அதோடு போதும் என்று இருந்தேன்.

முந்தாநாள் செல்வத்திடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. செல்வம் எங்கள் தெரு மளிகைக்கடை அண்ணாச்சியின் மகன். என்னோடு படித்தவன். நான் விட்ட பிறகும் படித்தவன். இப்போது திருப்பூரில் இருக்கிறான். வருகிற தையில் அவனுக்கு நிச்சயம்.

"ஏலே, அப்பா ஒரு வேலை சொல்லுதாவ. உப்பளத்துப் பக்கம் போன மதினிய நீ போய் உன் வண்டியில கூட்டிட்டு வரணுமாம். நாம வேன்ல கிளம்பையில அவிய தெருவுல நின்னு தும்மணுமாம். அக்காவுக்கு எட்டுத் தும்மல் கேட்டுப் போனதாலதான் அவ இன்னைக்கு ராணி கணக்கா இருக்காளாம். சிரிக்காதலே. அப்பா நெசமாத்தான் சொல்லுதாவ."

எதைச் சொன்னாலும் சிரிக்கிற எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. மதினி தை மாதத்தில் எங்கள் தெருவில் வந்து நின்றால் எட்டோடு நிற்காது. எண்பது தும்மி, அப்புறம் மூச்சு வராமல் போகலாம். அண்ணாச்சி ஒரு வார்த்தை கூப்பிட்டால் அவள் வந்துவிடவும் செய்வாள். அதைத் தடுக்க வேண்டுமென்றால் நாலு வருஷமாக நான் வாய்க்குள் வைத்திருக்கிற ஒரு சங்கதியை வெளியே விட வேண்டும். அது ஒரு நிமிஷ வாய்ஸில் அடங்காது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மதினி எனக்குச் சொந்தமில்லை. அவள் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர். அவரைச் சின்ன வயதிலிருந்து அண்ணன் என்று கூப்பிட்டுவிட்டதால் அவர் கட்டிக்கொண்டு வந்தவள் மதினி ஆகிவிட்டாள். முறை என்று வந்துவிட்டால் கொழுந்தன் கேலி பேசலாம். மதினி வாசல் கூட்டுகிற வாரியலை எடுத்துக்கொண்டு துரத்தலாம். இரண்டும் நடந்தது. அவள் பேரை எழுத மாட்டேன். எழுதினால், "யாரைக் கேட்டுலே போட்ட?" என்று அதற்கு வேறு துரத்துவாள்.

மற்ற பெண்கள் தலையில் பூ வைப்பார்கள். மதினி பூவும் வைப்பாள், பூவுக்குப் பக்கத்தில் ஒரு வாரியல் ஈர்க்கும் வைப்பாள். விரல் நீளத்தில், நுனியைச் சீவி மெல்லியதாக்கின ஈர்க்கு. அது எதற்கு என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். பல்லுக் குத்த என்று நான் சொல்வேன். உண்மை அதைவிட வேடிக்கையானது.

எங்கள் பக்கம் நல்ல காரியத்துக்குக் கிளம்புகிற நேரத்தில் யாராவது ஒற்றைத் தும்மல் போட்டால் காரியம் கெட்டுப்போகும் என்பார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்து, ஒரு செம்புத் தண்ணீர் குடித்து, மறுபடி கிளம்ப வேண்டும். அதுவே இரட்டைத் தும்மல் என்றால் நல்லது, ஜம்மென்று போகலாம். மதினிக்கோ ஐப்பசி மழை முடிந்து வெயில் தலைகாட்டியதும் தும்மல் ஆரம்பிக்கும். மார்கழி, தை என்று ஏறிக்கொண்டே போய் மாசியில்தான் இறங்கும். மார்கழி ஒன்றை விட்டுவிட்டால், தெருவில் எல்லாரும் பெண் பார்க்க, நிச்சயம் பண்ண, பால்காய்ச்ச என்று கிளம்புகிற மாதங்களும் அவைதான்.

எந்தத் தும்மலையும் மதினி ஒத்தையாய் விட மாட்டாள். ஒன்று வந்துவிட்டால் போதும், கை தன்னால் தலைக்குப் போகும். ஈர்க்கை உருவி மூக்கில் விட்டு ஒரு சுற்று. "ஹ... ஹ... ஹாச்சூம்! முருகா!" இரண்டாவது வந்துவிடும். "போங்க, போங்க, ரெட்டை!" என்று கண்ணில் தண்ணீர் வழியக் கையைக் காட்டுவாள். யார் போகிறார்கள், அவர்கள் தன்னோடு பேசுகிறவர்களா இல்லையா என்பதெல்லாம் அவளுக்குக் கணக்கில்லை.

லைசென்ஸுக்காக நான் வண்டியை எட்டுப் போட்டுக் காட்டக் கிளம்பின அன்றைக்கும் ஒரு தும்மல் விழுந்தது. பார்த்தால் தலையில் ஈர்க்கைக் காணோம்.

"நில்லுலே! அசையாத!"

"மதினி, எனக்கு இதுல நம்பிக்கை இல்ல. விடுங்க."

"உனக்கு எதுலதான் நம்பிக்கை? நில்லுங்கேன்."

வாரியலைப் பிரித்துப் பார்த்தாள், எல்லாம் மொட்டை. நூலைத் திரித்து விட்டுப் பார்த்தாள். மிளகுப் பொடியை மோந்து பார்த்தாள். பதினைந்து நிமிஷம் என்னைத் தெருவில் காக்கவைத்த பிறகுதான் இரண்டாவது வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது அதிகாரி கிளம்பிவிட்டார். அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். திரும்பி வந்து சண்டை போட்டேன்.

"ரெட்டை வந்துச்சுலா?"

"வந்துச்சு. அதிகாரி போயிட்டாரு."

"போனா என்ன? ஒத்தையோட போயிருந்தேன்னா பெயிலு போட்டிருப்பாரு. இப்போ நாள்தான் தள்ளியிருக்கு."

இந்த ஆளிடம் என்ன பேச முடியும்?

தும்மலில் மட்டும் இந்தப் பழக்கம் என்றால் பரவாயில்லை. ஒரு வெங்காயம் கடன் கேட்டால் இரண்டு தருவாள். ஒரு வடை எடுத்தால் கையைத் தட்டிவிட்டு இன்னொன்றை வைப்பாள். எங்கள் தெருவில் தையல் மெஷின் வைத்திருந்த ஓர் அக்கா, வீட்டுக்காரர் ஊரில் இல்லாத சமயம் வயிற்றில் கட்டி என்று ஸ்கேன் எடுக்கத் தனியாகக் கிளம்பினாள். மதினி வாசலில் ஒன்று தும்மிவிட்டாள். அன்றைக்கு ஈர்க்கை என்ன சுற்றியும் இரண்டாவது வரவேயில்லை. அந்த அக்காவின் முகம் செத்துவிட்டது. மதினி அடுப்பை அணைத்தாள், கதவைப் பூட்டினாள், சாவியை இடுப்பில் செருகினாள்.

"தும்மல்தான் ஒத்தையாப் போச்சு. ஆளாவது ரெட்டையாப் போவோம். வாங்க."

மூன்று நாள் அலைச்சல். மூன்று நாளும் கூடவே போனாள்.

தெருக்காரர்கள் தெருக்காரர்கள்தானே. கொஞ்ச நாளில் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். நல்ல காரியத்துக்குக் கிளம்புகிறவர்கள் முதல்நாளே ஓர் ஆளை அனுப்பி மதினியிடம் நேரம் சொல்லிவிடுவார்கள். "காலையில எட்டேகாலுக்குக் கிளம்புதோம்." அந்த நேரத்துக்கு மதினி பின்னறைக்குப் போய், ஈரத்துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு, வண்டி தெருமுக்கைத் தாண்டுகிற சத்தம் கேட்கும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். யாரும் அவளைத் திட்டவில்லை. நேரம் மட்டும் சொன்னார்கள். அவளும் முகம் சுளிக்காமல் கேட்டுக்கொண்டாள். சன்னலில் அவளுக்கென்று ஒரு தினக்காலண்டர் தொங்கியது. அதைப் பார்த்தால் எந்த வீட்டில் என்றைக்கு என்ன விசேஷம் என்று தெரிந்துவிடும்.

"மதினி, பஸ் ஸ்டாண்டுல கூட இவ்வளவு சரியா நேரம் எழுதிப் போடலையே" என்பேன்.

"நீ எப்போ பொண்ணு பாக்கக் கிளம்புத? சொல்லு, எழுதிக்கிடுதேன். உனக்கு மட்டும் துண்டைக் கட்ட மாட்டேன்."

தும்மல் ஏன் வருகிறது என்று யாரும் பெரிதாக யோசிக்கவில்லை. யோசித்தவர்கள் தப்பாக யோசித்தார்கள். அப்போது மதினி தீப்பெட்டி ஆபீஸுக்குக் குச்சி அடுக்கப் போய்க்கொண்டிருந்தாள். எங்கள் ஊரில் மூக்கில், நெஞ்சில், கண்ணில் எது வந்தாலும் முதல் பழி தீப்பெட்டி மருந்துக்குத்தான். அண்ணனும் அப்படியே முடிவுகட்டினார். "அந்த நெடிதான் ஆகல. வீட்டுல இரு" என்று நிறுத்திவிட்டார்.

வீட்டில் இருந்தாள். தும்மல் கூடியது.

அவள் வீடுதான் எங்கள் தெருவின் கடைசி வீடு. பின்சன்னலைத் திறந்தால் ஒரு காலத்தில் உளுந்தும் பருத்தியுமாக இருந்த கரிசல். அதை வாங்கினவர்கள் கல் நட்டு, மஞ்சள் பெயிண்ட் அடித்து, பதினெட்டு பிளாட் போட்டார்கள். ஒருத்தரும் வீடு கட்டவில்லை. மழை பெய்தது, ஒரு செடி குடியேறியது. இலை கொத்தமல்லி மாதிரி இருக்கும். பூ ஜவ்வரிசியை அள்ளித் தூவினது மாதிரி வெள்ளையாக இருக்கும். ஆடு வாய் வைக்காது. மாடு தெரியாமல் தின்றுவிட்டால் பால் கசக்கும். பார்த்தீனியம் என்று பள்ளிக்கூடத்தில் பேர் சொன்னார்கள். நாங்கள் வெள்ளைப்பூச்செடி என்போம். மார்கழியில் பதினெட்டு பிளாட்டும் இடுப்புயரத்துக்கு வெள்ளையாக நிற்கும். காலையில் காற்று அங்கிருந்து நேரே மதினி சன்னலுக்கு வரும். ஆபீஸில் எட்டு மணி நேரம் இந்தச் செடிக்குத் தப்பித்து இருந்தவளை நாங்கள் எல்லாரும் சேர்ந்து நாள் முழுக்க அதன் பக்கத்தில் உட்காரவைத்திருந்தோம்.

இனி என் சங்கதி.

எனக்கு உருப்படியாகத் தெரிந்த ஒரே வித்தை அடுத்தவர் குரலை அப்படியே எடுப்பது. அண்ணாச்சி கடையில் சில்லறை இல்லை என்று சொல்கிறது, மினிபஸ் கண்டக்டர் விசில் அடிக்கிறது, எல்லாம் வரும். மதினியின் தும்மலும் வரும். மூன்று படி ஏறி, உச்சியில் நின்று, தொபுக்கென்று விழுந்து, கடைசியில் ஒரு முருகா. செல்வம் அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பான்.

நாலு வருஷத்துக்கு முந்தைய தையில் செல்வத்தின் அக்காவுக்குக் கழுகுமலையில் மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். அந்த வீட்டில் கைநனைக்கப் போனார்கள். பெண் வீட்டார் அங்கே போய் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டால் சம்பந்தம் உறுதி என்று அர்த்தம். அதற்கு முன்னால் இரண்டு இடம் தட்டிப்போயிருந்ததால் அண்ணாச்சி வீட்டில் ஒருத்தரும் சரியாகத் தூங்கவில்லை. ஒன்பதரைக்குக் கிளம்புகிறோம் என்று மதினிக்கு மூன்று தரம் ஆள் போய்விட்டது.

எனக்கு விளையாட்டுப் புத்தி. மதினி வீட்டுப் பின்சுவருக்கு அந்தப் பக்கம், பிளாட்டுக்குள், வெள்ளைப்பூச்செடிக்கு நடுவில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்துகொண்டேன். வேன் உறுமுகிற சத்தம் கேட்டது. ஒன்று போட்டேன். மூன்று படி, உச்சி, தொபுக், முருகா.

தெருவே நின்றுவிட்டது. சுவர் இடுக்கில் கண்ணை வைத்து, வீட்டோரச் சந்து வழியாகத் தெருவைப் பார்த்தேன். அண்ணாச்சி ஒரு காலை வேன் படியில் வைத்தபடி நிற்கிறார். அவர் வீட்டம்மா வெற்றிலைத் தட்டை இடுப்போடு அணைத்துக்கொள்கிறார். செல்வத்தின் அக்கா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்து நிற்கிறாள்.

"ஏட்டி!" என்று அண்ணாச்சி மதினி வீட்டைப் பார்த்துக் கத்தினார். "மூணு மட்டம் சொல்லி விட்டோம்லா! உனக்கு என்ன பாவம் செஞ்சோம்?"

அப்போதுதான் எனக்குச் சிரிப்பு அடங்கியது.

மதினி வெளியே வந்தாள். மூக்கில் ஈரத்துண்டு கட்டினபடியே இருந்தது. எதிரே என் லோடு ஆட்டோ ஆளில்லாமல் நிற்பதைப் பார்த்தாள். பின்சுவரைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. நான் தும்மவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தப் பெண் நிலையைப் பிடித்து நிற்பதைப் பார்த்தாள். துண்டை அவிழ்த்தாள், தலையிலிருந்து ஈர்க்கை உருவினாள், மூக்கில் விட்டாள்.

"ஹாச்சூம்! முருகா!"

"ரெட்டை! ரெட்டை!" என்று நாலைந்து பேர் கத்தினார்கள். டிரைவர் கியரைப் போட்டார்.

மூன்றாவது தன்னால் வந்தது. வேன் நின்றது.

நாலாவது வந்தது. வேன் நகர்ந்தது. ஐந்து, நின்றது. ஆறு, நகர்ந்தது. ஏழு; அண்ணாச்சி தலையில் கையை வைத்துக்கொண்டார். எட்டாவது வந்ததும் மதினி இரண்டு கையாலும் மூக்கையும் வாயையும் இறுக்கப் பொத்திக்கொண்டு தெருவிலேயே உட்கார்ந்துவிட்டாள். தலையை மட்டும் போங்க போங்க என்று ஆட்டினாள்.

"எட்டு! நாலு ரெட்டை! எடு வண்டிய!" என்றார் அண்ணாச்சி. வேன் பறந்தது. டிரைவர் பக்கத்தில் எலுமிச்சம்பழத்தோடு உட்கார்ந்திருந்த செல்வம் எனக்காகப் பின்னால் திரும்பித் தேடினான். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த என்னை அவன் பார்க்கவில்லை.

நான் சுவர் ஏறிக் குதித்தபோது மதினி இன்னும் மூக்கை விடவில்லை. முகம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்திருந்தது.

"மதினி, கையை எடுங்க!"

ஒரு விரலை மட்டும் தூக்கித் தெருமுக்கைக் காட்டினாள். வேன் தாண்டிவிட்டதா என்று கேட்கிறாள்.

"தாண்டிருச்சு, தாண்டிருச்சு, எடுங்க!"

எடுத்தாள். ஒன்பதாவது தும்மலாக வரவில்லை. நெஞ்சுக்குள் விசில் அடித்தது. மூச்சு உள்ளே போனது; வெளியே வரவில்லை. தூக்கி என் பக்கத்து சீட்டில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். அன்றைக்கு நான் எல்லாருக்கும் ஹாரன் அடித்தேன். வழியில் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். ஒவ்வொரு சொல்லாகத்தான் வந்தது.

"சொல்லிராதலே. உன்னோடதச்... சேத்தாத்தான்... எட்டு."

அப்படியென்றால் அவள் போட்டது ஏழு. ஏழு ஒத்தைப்படை. நான் உண்மையைச் சொன்னால் அந்தப் பெண்ணின் காரியம் ஒத்தையில் வந்து நிற்கும். மூச்சு போகிற நேரத்தில் இந்தக் கணக்கை அவள் எப்படிப் போட்டாள் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் மூக்குக்கு மாஸ்க் போட்டுப் புகைமருந்து வைத்தார்கள். வயது குறைவான ஒரு டாக்டரம்மா. மதினியைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"சட்டையில என்ன இது, வெள்ளை வெள்ளையா?"

"செடி, டாக்டர்."

தோளில் ஒட்டியிருந்த ஒரு கொத்தைக் கையுறை போட்ட விரலால் எடுத்துப் பார்த்தார். "பார்த்தீனியம். இதுல புரண்டுட்டு இவங்களைப் பக்கத்துல உட்காரவெச்சா கூட்டிட்டு வந்தீங்க? வெளிய போய் உதறுங்க முதல்ல."

உதறிவிட்டு வந்தேன்.

"இவங்க வீட்டுப் பக்கம் இந்தச் செடி இருக்கா?"

"செடிக்குப் பக்கத்துலதான் வீடே இருக்கு, டாக்டர். பதினெட்டு பிளாட்."

"தும்மல் எப்ப ஆரம்பிக்கும்?"

"ஐப்பசி கடைசியில. மாசி வரைக்கும்."

"செடி எப்பப் பூக்கும்?"

நான் விரல் விட்டு மாதங்களை எண்ணினேன். எண்ணி முடித்ததும் விரலை மடக்க மறந்துவிட்டேன். மகரந்தம் என்று டாக்டரம்மா சொன்னார். எட்டாம் வகுப்புப் புத்தகத்தில் தேனீயின் காலில் ஒட்டியிருக்கும் நல்ல சாமான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது. கண்ணுக்குத் தெரியாத தூளாகக் காற்றில் வரும், துண்டு கட்டினாலும் நுழையும், வருஷத்துக்கு வருஷம் ஏறும் என்றார். இன்னும் பத்து நிமிஷம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார். பரிசோதனை செய்து பார்த்தும் அதேதான் வந்தது. முடிந்தால் வீட்டை மாற்றுங்கள் என்று அண்ணனிடம் சொன்னார்.

"ஏன் நீ அந்தச் செடிக்குள்ள போன?" என்று அண்ணன் என்னைக் கேட்டார்.

மாஸ்க்குக்குள்ளிருந்து மதினி சொன்னாள்: "ஒண்ணுக்குப் போயிருப்பான். விடுங்க."

கழுகுமலையில் கைநனைத்தார்கள். கல்யாணம் நடந்தது. எட்டுத் தும்மல் கேட்டுப் போன காரியம் என்று அண்ணாச்சி கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். மதினி வீட்டுக்கு ஒரு தட்டு நிறையப் பழமும் சேலையும் வந்தது.

பிராயச்சித்தம் என்று ஒரு முட்டாள்தனம் செய்தேன். மதினி ஆஸ்பத்திரியிலிருந்து வந்து தன் அக்கா வீட்டில் ஒரு வாரம் இருந்தபோது, மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு பதினெட்டு பிளாட்டையும் பிடுங்கினேன். வெறுங்கையால். நல்ல பூவில். பிடுங்கி, அவள் வீட்டுப் பின்பக்கமே மலை மாதிரிக் குவித்துக் காயப்போட்டோம். இரண்டு கையும் முழங்கைவரை தடித்துச் சிவந்து அரித்தது. திரும்பி வந்த மதினி குவியலைப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள்.

"கொழுந்தனாரே, பூக்கதுக்கு முந்திப் பிடுங்கணும்னு டாக்டரம்மா சொன்னாவ. பூத்ததுக்கு அப்புறம் பிடுங்கினா அது விதைக்குறது."

அப்படியே ஆயிற்று. அடுத்த மழைக்குப் பிளாட்டில் மட்டும் இல்லை, தெருவுக்குள்ளேயே முளைத்தது. அண்ணன் உப்பு லாரிக்கு மாறினார். தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்தை ஒட்டி ஒரு வீடு பார்த்தார். சாமான் ஏற்றினது என் வண்டியில்தான். வண்டி கிளம்பும்போது தெருவே வாசலில் நின்றது. மதினி ஒன்று தும்மினாள். ஈர்க்கை எடுக்கக் கை போனது. அதற்குள் இரண்டாவது வந்துவிட்டது. "நமக்குமே ரெட்டைதான்" என்று எல்லாரையும் பார்த்துச் சிரித்தாள்.

போன சித்திரையில் அந்தப் பக்கம் லோடு இருந்தது. வீட்டுக்குப் போனேன். அங்கே மண்ணே வெள்ளையாக இருக்கிறது. ஒரு புல் கிடையாது. மதினி சதை போட்டிருந்தாள். தலையில் பூ, பூவுக்குப் பக்கத்தில் ஈர்க்கு.

"இங்கன எதுக்கு அது?"

"கெடக்கட்டும். தும்மலே மறந்து போச்சுலே எனக்கு. சரி, தெருவுல யாரு எங்க கிளம்புதா? எல்லாத்தையும் சொல்லு."

ஒரு மணி நேரம் சொன்னேன். இன்னார் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள், இன்னார் வீடு கட்டக் கடன் கேட்டு பாங்குக்குப் போகிறார்கள் என்று ஒவ்வொன்றாக. ஒவ்வொன்றுக்கும் 'எத்தன மணிக்கு?' என்று கேட்டாள்.

"செல்வத்துக்கு வந்தா சொல்லி அனுப்பணும் கேட்டியா. நான் வந்து நிக்கணும்."

"டாக்டரம்மா என்ன சொன்னாவ, மறந்துட்டியளா?"

"அவிய சொல்லட்டும். அந்த வீட்டுல நான் போட்டது ஏழுதாம்லா. ஒண்ணு கொறையுதுல்ல? ஒத்தையாவா விட முடியும்?"

இந்த வருஷமும் ஐப்பசியில், பூக்கிறதுக்கு முந்தி, கையுறை போட்டுக்கொண்டு பிளாட்டில் இறங்கினேன். மூன்று வருஷமாக இறங்குகிறேன். பதினெட்டையும் முடிப்பதற்குள் பக்கத்தில் இன்னொரு நகருக்குக் கல் நட்டுவிட்டார்கள். அது என் கைக்கு அடங்காது. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே சன்னல் பக்கம் வெள்ளையாக இருக்கிறது. எனக்கே காலையில் மூன்று தும்மல் வந்தது.

செல்வம், உன் அக்கா காரியத்துக்கு முதலாவதாகக் கேட்ட தும்மல் என்னுடையது. அது தும்மலே இல்லை, வாய்ச் சத்தம். குறைகிற அந்த ஒன்று நான் வைத்த பாக்கி, மதினி வைத்ததில்லை. அப்பாவிடம் சொல்லு, சொல்லி, என்னைக் கடைப்பக்கம் வரக்கூடாது என்று சொன்னாலும் சரி. மதினியைக் கூப்பிடாதே. கூப்பிட்டால் வந்துவிடுவாள்.

எழுதினதை ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து அவனுக்கு அனுப்பினேன். அவன் படித்துவிட்டான் என்று இரண்டு நீலக்கோடும் விழுந்தன. சாயந்தரம் கழுகுமலை ரோட்டில் சிமெண்ட் இறக்கிக்கொண்டிருந்தபோது பதில் வந்தது.

"மதினி அங்கனயே நல்லா இருக்கட்டும்லே, வேன் கிளம்பையில நீ ஒண்ணு போடு, ரெட்டையாக்க நான் இருக்கேன்."